ஜன்னலடியில் சிறகு, அலமாரிக் காலில் மாவு: மருந்தடிக்கும் முன் ஒரு வாரம் பாருங்கள்

கேள்வி: தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வீடு. கட்டி 12 ஆண்டு ஆகிறது. போன வாரம் மழை பெய்த மறுநாள் காலையில் ஹால் ஜன்னலடியில் ஒரு கைப்பிடி அளவுக்குச் சிறகுகள் கிடந்தன. சமையலறையில் இரவு லைட் போட்டால் கரப்பான் ஒன்றிரண்டு ஓடுகிறது. படுக்கையறை மர அலமாரியின் கால் பக்கம் மாவு போல ஏதோ கொட்டிக் கிடக்கிறது. பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிட்டோம். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, வீடு முழுக்கக் கறையான், உடனே எல்லா அறைக்கும் மருந்தடிக்க வேண்டும், வருட கான்டிராக்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. மருந்தடிக்கத்தான் வேண்டுமா? அவர் சொல்வது சரியா என்று நாங்களே பார்க்க வழி உண்டா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் மூன்று வேறு சங்கதிகள். சிறகு, கரப்பான், மாவு ஆகிய மூன்றில் எந்த இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது, ஒரே அவசரமும் கிடையாது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "எல்லா அறைக்கும் அடித்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் மூன்றில் ஒன்றையும் குனிந்து பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்காக அவர் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் கறையான் இருக்கலாம். இருக்கிறது என்பதற்கு அவர் ஒரு இடத்தையும் விரல் வைத்துக் காட்டவில்லை, அதுதான் பிரச்சினை.

ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். கறையான் நிதானமாகத் தின்னும் பூச்சி. ஒரு வாரத்தில் நிலைக்கதவு விழுந்துவிடாது. இந்த வாரத்தில் செய்யக்கூடாதது இரண்டு. எந்த ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள். எங்காவது மண் கோடு, அதாவது கறையான் சுவரில் கட்டும் மண் பாதை, தென்பட்டால் துடைத்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள். தடயத்தை அழித்துவிட்டால் அடுத்து வருகிறவர் எதை வைத்துச் சொல்வார்?

சிறகிலிருந்து தொடங்கலாம். பெருக்கித் தள்ளியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்; தள்ளியிருந்தால் ஜன்னல் பள்ளத்தில் சிலந்தி வலையோடு சில ஒட்டியிருக்கும், தேடுங்கள். பத்துப் பதினைந்து சிறகுகளை வெள்ளைத் தாளில் பரப்பி நீளத்தை ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே நீளம், ஒரே வடிவம் என்றால் ஈசல், அதாவது சிறகு முளைத்த கறையான். பெரியது, சிறியது என இரண்டு அளவில் கலந்திருந்தால் அது சிறகெறும்பு. எறும்புக்கு முன்சிறகு நீளமாகவும் பின்சிறகு குட்டையாகவும் இருக்கும். உடலும் கிடைத்தால் இன்னும் எளிது. எறும்புக்கு இடுப்பு நூல் போல ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும். ஈசலுக்கு இடுப்பே தெரியாது, தலையிலிருந்து வால் வரை ஒரே தடிமன். உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக நிற்கும்.

ஈசல்தான் என்று வந்துவிட்டாலும் "வீட்டில் கறையான்" என்று முடிவு கட்ட முடியாது. ஈசல் வெளிச்சத்துக்கு வரும். மழை விட்ட மாலையில் வெளியே எங்கோ ஒரு புற்றிலிருந்து கிளம்பி, உங்கள் ஹால் விளக்கைப் பார்த்து ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே வந்து சிறகை உதிர்த்திருக்கலாம். அப்படி வந்தவை பெரும்பாலும் சில மணி நேரத்தில் காய்ந்து செத்துவிடும். அவற்றுக்கு ஈர மண்ணோ ஈர மரமோ வேண்டும். உங்கள் டைல்ஸ் தரையில் இரண்டுமே இல்லை. பறக்கும் ஈசலுக்கு ஸ்ப்ரே அடிப்பது வீண் வேலை. விளக்கை அணைத்து, பெருக்கி வெளியே கொட்டினால் போதும்.

கேட்க வேண்டிய கேள்வி, அவை எங்கிருந்து வந்தன என்பதே. அடுத்த மழை மாலையில் ஹால் விளக்கை அணைத்து, ஜன்னலை மூடிவிட்டு, டார்ச்சோடு பாருங்கள். நிலைக்கதவுச் சட்டம், ஸ்கர்ட்டிங் ஓரம், ஸ்விட்ச் பாக்ஸ், தரை விரிசல் ஆகியவற்றிலிருந்து ஈசல் வெளிப்பட்டால் கூட்டம் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கறையான் கூட்டம் ஈசல் விடும் அளவுக்கு வளர பொதுவாகச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே வீட்டுக்குள்ளிருந்து ஈசல் கிளம்புகிறது என்றால் அது நேற்று வந்த கூட்டம் இல்லை.

மழைக்குக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது மண் கோட்டைத் தேடுவது. ஒரு நல்ல டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், கைக்கண்ணாடி ஒன்று, செல்போன். டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் சுவரோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். பெயின்ட் கொப்புளம் போல உப்பியிருந்தால், கறையான் உள்ளே மரத்தைத் தின்று பெயின்ட் தோலை மட்டும் விட்டுவைத்திருக்கலாம்.

தேடுவது ஈரத்தைப் பின்தொடர்ந்து போகட்டும். குளியலறைச் சுவரின் மறுபக்கம், குளியலறை நிலைக்கதவின் அடிப்பகுதி, சிங்க் அடியில் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை, தரையைத் தொட்டு நிற்கும் அலமாரியின் முதுகுப்பலகை, பழைய அட்டைப்பெட்டி அடுக்கிய மூலை, மீட்டர் பெட்டியின் மரப்பலகை. இவற்றைப் பார்த்த பிறகு வெளியே வந்து கட்டடத்தை ஒரு சுற்று வாருங்கள். சுவரை ஒட்டிப் பூந்தொட்டி, மரத்துண்டு, குவித்த மண் இருந்தால் நகர்த்திப் பார்க்க வேண்டும். அவற்றின் மறைவில்தான் கறையான் மண்ணிலிருந்து சுவருக்கு ஏறும். பென்சில் தடிமனில், காய்ந்த சேறு அப்பியது போல ஒரு கோடு தரையிலிருந்து மேலே போனால் அதுதான். கறையானுக்கு வெயிலும் உலர் காற்றும் ஆகாது. மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே ஈரம் குறையாமல் போய்வர அது கட்டிக்கொள்ளும் மூடிய பாதை அந்தக் கோடு.

கோடு கிடைத்தால் முதலில் பக்கத்தில் ஒரு பேனா வைத்துப் படமெடுங்கள், அளவு தெரியட்டும். பிறகு நடுவில் சுமார் 3 செ.மீ. நீளத்துக்கு மட்டும் உடையுங்கள். மேல் முனையும் கீழ் முனையும் அப்படியே இருக்கட்டும். உடைத்த இடத்தில் வெளிறிய, அரிசி மணியை விடச் சிறிய பூச்சிகள் தடுமாறி ஓடினால் இனிமேல் சந்தேகமே வேண்டாம். கூடவே பழுப்புத் தலையும் கொடுக்கு போன்ற தாடையும் கொண்ட சிப்பாய்க் கறையான்களும் வரும். அவற்றில் நாலைந்தைச் சானிடைசர் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு வையுங்கள், எந்த வகை என்று சொல்ல அந்தச் சிப்பாய்த் தலை உதவும். பூச்சி எதுவும் தெரியவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடம் ஈர மண்ணால் அடைபட்டிருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. அடைபடாவிட்டால்? அந்தப் பாதையை விட்டுவிட்டு வேறு பக்கம் போயிருக்கவும் கூடும், ஆகவே அதை வைத்து மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். மற்ற இடங்களையும் பார்த்து முடியுங்கள்.

நிலைக்கதவுகளைத் தட்டிப் பார்ப்பதும் கட்டாயம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் கீழிருந்து ஒரு முழம் உயரம் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கெட்டியாக ஒலிக்கும்; உள்ளே அரித்த மரம் காலிப் பெட்டி போல ஒலிக்கும். ஒலி மாறும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை மெதுவாக அழுத்துங்கள். உள்ளே இறங்கினால், நார் வாக்கில் ஓடும் பள்ளமும் அதில் அப்பிய மண்ணும் தெரிந்தால், மண்ணில் வாழும் கறையான். பள்ளம் சுத்தமாக, மண்ணே இல்லாமல் இருந்தால் கதை வேறு. அதற்கு உங்கள் அலமாரி மாவுக்கு வர வேண்டும்.

"மாவு போல" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த மாவு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே தேயுங்கள். டால்கம் பவுடர் போல வழுக்கினால் மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலை. மரத்தில் குண்டூசித் தலை அளவில் வட்டமான ஓட்டைகள் இருக்கும், விட்டம் 1 முதல் 2 மி.மீ. வரை. மணல் போல நெருடினால் தாளில் போட்டு செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றும் கசகசா அளவில், ஒரே மாதிரி, பக்கவாட்டில் ஆறு பட்டையோடு இருந்தால் அது மாவே இல்லை, உலர்மரக் கறையானின் எச்சம். இந்த வகைக்கு மண்ணும் வேண்டாம், மண் கோடும் வேண்டாம். ஒரு நாற்காலிக் காலுக்குள்ளேயே குடும்பம் நடத்தும், எச்சத்தைச் சின்ன ஓட்டை வழியாக வெளியே தள்ளும். சிராய் போல நார் நாராக, நடுவே பூச்சிக் கால், உடைந்த உடல் எல்லாம் கலந்து கிடந்தால் மரத்தைக் குடைந்து கூடு கட்டும் எறும்பு.

அடுத்து, அது இப்போது நடக்கிறதா, என்றோ முடிந்ததா என்று பார்க்க வேண்டும். வண்டு போன பிறகும் ஓட்டை இருக்கும். அலமாரியை நகர்த்தினாலே பழைய தூள் உதிரும். பலர் ஏமாறுவது இங்கேதான். எல்லாத் தூளையும் சுத்தமாகத் துடையுங்கள். தெரியும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் வட்டமிட்டு, எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அலமாரிக் காலடியில் ஒரு கறுப்பு அட்டையை வைத்து, தேதி எழுதி, 4 வாரம் அசைக்காமல் விடுங்கள். அட்டையில் வெளிறிய புதுத்தூள் சேர்ந்தாலோ, வட்டமிடாத புது ஓட்டை வந்தாலோ உள்ளே வண்டின் புழு இருக்கிறது. பழுப்பேறி, கட்டி கட்டியாக இருந்தால் பழைய தூள்.

மரத்தை மாவாக்கும் இந்த வண்டு எல்லா மரத்தையும் தொடாது. அகல இலை மரங்களின் வெளிப்பகுதியில், மாவுச்சத்து இருக்கும் வரைதான் அதற்கு வேலை, மூங்கிலிலும் வரும். மரம் பழையதாக ஆக அந்தச் சத்து குறைந்துவிடும். அலமாரி வீட்டோடு சேர்ந்து 12 வயதானது என்றால் பழைய தழும்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று வருடத்துக்குள் செய்தது என்றால் உயிரோடு இருக்கலாம். எப்படியானாலும் அறைச் சுவருக்கும் தரைக்கும் மருந்தடித்து இதற்கு ஒரு பயனும் இல்லை, புழு மரத்துக்குள் இருக்கிறது. பாலிஷ் பூசாத முதுகுப்பலகைக்கும் உள்பக்கத்துக்கும் போரேட் (போரான் உப்பு) கரைசல் பூசலாம். அது மரத்துக்குள் ஊறும். பாலிஷ் பூசிய பக்கத்தில் ஊறாது. ஆனால் அந்தப் பக்கத்தில் வண்டு முட்டையும் வைக்காது, மரத்தின் திறந்த நுண்துளை அதற்குக் கிடைக்காது. சின்னப் பொருளாக இருந்தால் சூடேற்றும் அறை வைத்திருப்பவர்களிடம் கொடுக்கலாம். நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிகளுக்கு உலக அளவில் வைத்திருக்கும் அளவு, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸைத் தொட்டு 30 நிமிடம் தொடர்ந்து நிற்க வேண்டும் என்பது. வெயிலில் காயப்போட்டால் போதும் என்பார்கள். தடித்த காலின் நடுவில் அந்தச் சூடு ஏறும் என்று நம்பி இருக்க முடியாது. ஒரு கால் மட்டும் கெட்டிருந்தால் தச்சரிடம் சொல்லி அந்தக் காலை மாற்றிவிடுவது எல்லாவற்றையும் விட எளிது.

கரப்பானுக்கு வருவோம். ஒன்றிரண்டு ஓடுகிறது என்றால், எந்தக் கரப்பான்? கட்டைவிரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக, கழுத்துத் தகட்டில் மஞ்சள் விளிம்போடு இருப்பது சாக்கடைக் கரப்பான், 4 செ.மீ. வரை வளரும். அதன் வீடு உங்கள் சமையலறை இல்லை; சாக்கடையிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் வந்து போகிறது. இதற்கு மருந்தை விட ஒரு குவளைத் தண்ணீர் உதவும். அதிகம் பயன்படுத்தாத குளியலறையின் தரை வடிகாலில், வளைவுக்குள் நிற்க வேண்டிய தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கும், வழி திறந்துவிடும். வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள், வடிகாலுக்கு நெருக்கமான வலைமூடி போடுங்கள், சிங்க் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்து இடைவெளியைச் சிமென்டால் அடையுங்கள், வெளிக்கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பெரும்பாலான வீடுகளில் இத்தோடு முடிந்துவிடும்.

ஒன்றரை செ.மீ. கூட இல்லாமல், வெளிர்பழுப்பாக, தலைக்குப் பின்னால் கறுப்பாக இரண்டு கோடு ஓடினால் அது ஜெர்மன் கரப்பான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், உலகம் முழுக்க இருப்பது. இது வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே சாகும் இனம். பெண் பூச்சி 30 முதல் 40 முட்டை கொண்ட கூட்டை வயிற்று நுனியில் சுமந்தே திரியும். பொரிக்கும் நேரம் நெருங்கும்போதுதான் இறக்கி வைக்கும். ஆகவே ஒன்றிரண்டு என்று விட்டுவைப்பது சரிவராது. பகலிலேயே தென்பட ஆரம்பித்தால் ஒளிய இடம் போதாத அளவுக்குப் பெருகிவிட்டன என்று பொருள்.

கண்ணால் எண்ணுவதை நம்பாமல் ஒட்டு அட்டை வையுங்கள். விஷம் இல்லாத, பசை தடவிய அட்டை. ஆறு போதும்: சிங்க் அடியில், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், அடுப்பின் பின்புறம், கீழ் அலமாரிக்குள் கீல் இருக்கும் மூலையில், மேல் அலமாரிக்குள் ஒன்று, சமையலறைக் கதவருகில் ஒன்று. நடுத்தரையில் வைத்தால் ஒன்றும் விழாது. கரப்பான் சுவரில் உடம்பு உரச ஓடுவதை விரும்பும், அட்டையின் ஒரு பக்கம் சுவரைத் தொட வேண்டும். ஒவ்வொன்றிலும் எண்ணும் தேதியும் எழுதி, ஏழு நாள் காலையில் எண்ணிக் குறியுங்கள். குழந்தையின் கை எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள். பசை தோலில் ஒட்டினால் சமையல் எண்ணெய் தடவி எடுக்கலாம்.

அட்டை உங்களுக்கு மூன்று செய்தி சொல்லும். எந்த இனம், எந்த இடத்தில் அதிகம், குஞ்சுகள் உண்டா. 3 மி.மீ. குஞ்சு முதல் வளர்ந்தது வரை எல்லா அளவிலும் ஒட்டியிருந்தால் அங்கேயே இனப்பெருக்கம் நடக்கிறது. ஃப்ரிட்ஜ் பின்னால் இருந்த அட்டையில் பதினெட்டு, கதவருகில் இருந்ததில் ஒன்று என்றால் மருந்து போக வேண்டிய இடம் ஃப்ரிட்ஜ் பின்புறம். படுக்கையறைச் சுவருக்கு எதற்கு மருந்து?

ஜெர்மன் கரப்பான் உறுதியானால், கரப்பான் தின்று சாகும் விஷ இரையான ஜெல் போதும். ஒரு துளி அரிசி மணி அளவு. கீல் இடுக்கு, அலமாரி மூலை, ஃப்ரிட்ஜ் அடிச்சட்டம் என இடுக்குக்குள் பல சிறு துளிகளாக வையுங்கள். பெரிதாக ஒரே இடத்தில் பிதுக்கினால் மேல்பக்கம் காய்ந்து தோலாகிவிடும், கரப்பான் தொடாது. தின்றது கூட்டுக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். இங்கே பலர் செய்யும் தப்பு, ஜெல் வைத்த இடத்திலேயே ஸ்ப்ரேயும் அடிப்பது. ஸ்ப்ரேயின் நெடி கரப்பானை ஜெல்லிலிருந்து விரட்டிவிடும், கூட்டம் சிதறி அடுத்த அறைக்குக் குடியேறும். முட்டைக் கூட்டுக்குள் இருப்பதை ஸ்ப்ரே தொடுவதும் இல்லை. போதாக்குறைக்கு, வீட்டு ஸ்ப்ரேக்கள் பலவற்றில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகளுக்கு ஜெர்மன் கரப்பான் பல இடங்களில் எதிர்ப்பு வளர்த்துக்கொண்டுவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் புது அட்டை வைத்து எண்ணுங்கள். எண்ணிக்கை பாதிக்குக் கீழே வரவில்லை என்றால் இடம் தப்பு, அல்லது வேறு மூலப்பொருள் உள்ள ஜெல்லுக்கு மாற வேண்டும். ராத்திரி சிங்க்கைத் துடைத்து உலர்த்தி வைப்பதும் ஜெல்லுக்கு உதவும். வேறு உணவும் தண்ணீரும் கிடைத்தால் அது ஏன் உங்கள் ஜெல்லைத் தின்ன வேண்டும்?

எப்போது மருந்து வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு விவசாயத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. 1959-இல் கலிஃபோர்னியாவில் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹேகன் ஆகிய நான்கு பூச்சியியலாளர்கள் பொருளாதார வரம்பு என்ற கருத்தை எழுதினார்கள். வயலில் பூச்சி இருப்பது மட்டும் மருந்தடிக்கக் காரணம் ஆகாது, நட்டம் வரும் அளவை நோக்கிப் பெருகும்போதுதான் மருந்து என்பது அதன் சாரம். வீட்டுக்கும் இதே கணக்குதான், வரம்பு மட்டும் பூச்சிக்குப் பூச்சி மாறும். உயிருள்ள கறையான் கோடு, மூட்டைப்பூச்சி, எலிப் புழுக்கை இவற்றில் ஒன்றே ஒன்று கண்டாலும் நடவடிக்கை வேண்டும். ஜெர்மன் கரப்பான் குஞ்சோடு கிடைத்தால் வேண்டும். சாக்கடைக் கரப்பான் ஒன்று வந்தால் வடிகாலைப் பார்க்க வேண்டும். வெளிச்சத்துக்கு வந்த ஈசலுக்கு ஒன்றும் வேண்டாம். சுவரில் சாம்பல் நிறத்தில், தட்டையாக, பூசணி விதை போல ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும் பைப்புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது சிலந்தி வலையையும் உதிர்ந்த முடியையும் தின்று வாழ்வது, விளக்குமாறு போதும். ஈரச் சுவரிலும் பழைய புத்தகத்திலும் ஓடும் 1 மி.மீ. வெளிர்ப் பூச்சி பூஞ்சையைத் தின்னும்; சுவரின் ஈரம் போனால் அதுவும் போகும். இந்த இரண்டையும் காட்டிக் கான்டிராக்ட் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி, மண் கோடோ அரித்த நிலைக்கதவோ கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இதில் நீங்களாகக் கைவைக்காதீர்கள். கோட்டின் மேல் மண்ணெண்ணெயோ ஸ்ப்ரேயோ அடித்தால் அதில் நடமாடும் சில நூறு வேலைக்காரக் கறையான்கள் சாகும், ராணியும் கூட்டமும் மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கும், அடுத்த பாதை நீங்கள் பார்க்க முடியாத இடத்தில் வரும். ஆளைக் கூப்பிடுங்கள், ஆனால் ஒருவருக்கு இருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறவராக, மருந்து விற்காதவராக ஒருவர் இருக்கட்டும்.

இரண்டு படுக்கையறை வீட்டை ஒழுங்காகப் பார்க்க முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். வந்தவர் முழங்கால் போட்டுச் சிங்க் அடியில் தலையை நுழைத்தாரா, நிலைக்கதவைத் தட்டினாரா, கட்டடத்தை வெளியே சுற்றி வந்தாரா, ஈரம் அளக்கும் கருவியைச் சுவரிலும் மரத்திலும் வைத்தாரா என்று கவனியுங்கள். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அந்த இடத்தில் கசிவு இருக்கிறதா என்று அவரே கேட்க வேண்டும். முடித்ததும் எழுத்தில் வாங்குங்கள்: எந்த இனம், எங்கெங்கே, உயிருள்ளதா பழையதா, படம், எந்த இடங்களைப் பார்க்க முடியவில்லை, எந்த மருந்து, அதன் மூலப்பொருள் என்ன, எந்த விகிதத்தில் கலப்பார், எப்போது திரும்ப வந்து பார்ப்பார். பார்க்க முடியாத இடங்களின் பட்டியல் முக்கியம். சுவரோடு பதித்த அலமாரிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்கிறவரை விட, இதைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுக்கிறவர் நம்பகமானவர்.

கட்டி முடித்த வீட்டில் கறையானுக்கு வழக்கமாகச் செய்வது, சுவரும் தரையும் சேரும் ஓரமாக 12 மி.மீ. துளைகளைச் சுமார் 30 செ.மீ. இடைவெளியில் போட்டு, மருந்துக் கரைசலைத் தரைக்கடியில் உள்ள மண்ணுக்குச் செலுத்தி, துளையைச் சிமென்டால் அடைப்பது. இதில் ஒரு சின்னக் கணக்கு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் 40 மீட்டர் என்றால் ஏறக்குறைய 130 துளை. துளைக்கு 1 லிட்டர் என்று அவர் சொன்னால் 130 லிட்டர் கரைசல் உள்ளே இறங்க வேண்டும். ஒருவர் 10 லிட்டர் ஸ்ப்ரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரத்தில் முடித்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

சிகிச்சை தோற்பதற்கு மருந்து காரணமாக இருப்பதை விட, விட்டுப்போன இடம் காரணமாக இருப்பது அதிகம். டைல்ஸ் உடையும் என்று குளியலறை ஓரத்தை விட்டுவிடுவார்கள், கறையானுக்குப் பிடித்த ஈரமே அங்கேதான். குழாய், வயர் போகும் பாதையை முன்பே காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் துளைக்கருவி அதில் இறங்கும். கசிவு இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள். ஈரம் தொடர்ந்தால் கறையான் திரும்ப வர வழி தேடிக்கொண்டே இருக்கும். இரைவைத்துக் கூட்டத்தைக் கொல்லும் முறையும் உண்டு, வீட்டுக்குள் திரவ மருந்து குறைவு, ஆனால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

வருட கான்டிராக்ட் பற்றி. மாதாமாதம் வந்து எதையும் பார்க்காமல் ஸ்ப்ரே அடித்துப் போவது என்றால் வேண்டாம், தவழும் குழந்தை உள்ள வீட்டில் கண்டிப்பாக வேண்டாம். கறையான் சிகிச்சை செய்த பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்து பார்த்து, திரும்ப வந்தால் செலவில்லாமல் மறுபடி செய்வது என்றால் போட்டுக்கொள்ளலாம்.

குழந்தையைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயமே. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் வயதில் தரை ஸ்ப்ரேதான் மோசமான தேர்வு. இடுக்குக்குள் வைக்கும் ஜெல்லும், துளைக்குள் இறங்கி அடைபடும் மருந்தும் அதை விடப் பாதுகாப்பானவை. கறையான் வேலை நடக்கும் அன்று குழந்தையை வேறு வீட்டில் விடுங்கள். லேபிளில் போட்டிருக்கும் நேரம் கழிந்து, தரை உலர்ந்து, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு, துளையோரத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகு கூட்டி வாருங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்றுப் பம்பை நிறுத்த வேண்டும்; பைரெத்ராய்டு மீனுக்கும் பூனைக்கும் நஞ்சு. கோடு கிழிக்கும் பூச்சி சாக்பீஸை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், குழந்தைக்கு அது சாக்பீஸ்தான்.

இன்று மாலை ஒட்டு அட்டைகளை வையுங்கள், நாளை பகல் வெளிச்சத்தில் மண் கோடு தேடுங்கள். அலமாரிக் காலடியில் வைக்கும் கறுப்பு அட்டையை மட்டும், கறையான் வேலைக்கு ஆள் வந்தாலும் எடுத்துவிட வேண்டாம். அந்த அறையில் வேலை நடக்கும் அன்று மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி வையுங்கள். துளைபோடும் தூசு அதில் விழுந்தால் நான்காவது வாரம் எது மரத்தூள், எது சிமென்ட் என்று பிரிக்க முடியாது.